கட்டிலுக்கடியில் ஈரம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் ஈரம். மாமாவின் கட்டிலுக்கடியில், சுவரோரமாக, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. நல்லவேளை, நான் பார்த்தேன். ஐந்தரை மணிக்கு அவர் குளியலறைக்குள் போன சமயம் பார்த்து நுழைந்து, பினாயிலை ஊற்றி, துடைத்து, துணியை வாளியில் போட்டு மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி டீ போடப் போனேன்.

"தூங்கினீங்களா மாமா?"

"நல்லாத் தூங்கினேம்மா."

அவ்வளவுதான் பேச்சு. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இருவரும் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

என் மாமனாருக்கு எழுபத்தொன்பது வயது. முப்பத்தோரு வருஷம் தபால் பிரித்த மனிதர். செய்தித்தாளைக்கூட மூலை சேர்த்து மடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். அவருக்குப் போய் இது. ஜனவரியில் புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து சிறுநீர் டியூப்பை எடுத்த மறுநாள் ஒருமுறை படுக்கை நனைந்தது. கொஞ்ச நாளைக்கு அப்படி இருக்கும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனாலும் அன்று முழுக்க மாமா சாப்பிடவில்லை. மெத்தைமேல் ரப்பர் ஷீட் போட்டோம். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். யாரும் கூடி முடிவெடுக்கவில்லை. எங்கள் வீட்டில் பேசி முடிவெடுக்கிற வழக்கமே கிடையாது, பேசாமல்தான் முடிவெடுப்போம்.

போன வாரத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறது. மெத்தையைத் தொட்டுப் பார்க்க எனக்குக் கூச்சம். ஷீட்டிலிருந்து வழிந்து தரைக்கு வருகிறது போலிருக்கிறது.

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் ஒரு அம்மாள், புதுக் கண்ணாடி போட்டால் தரை மேடாகத் தெரிகிறது என்று அரை மணி நேரம் சண்டை. லென்ஸை மறுபடி அளந்து பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. "நாலு நாள் போட்டா கண்ணு பழகிடும்மா" என்றேன். எனக்கே எரிச்சலாக வந்தது. எதற்குத்தான் பழகவில்லை நாம்.

மார்ச் 4, புதன்

இன்று இல்லை. காய்ந்த தரையைப் பார்த்ததும் யாரோ பரிசு கொடுத்த மாதிரி இருந்தது.

மார்ச் 6, வெள்ளி

நாத்தனார் போன் செய்தாள். இவருக்கு அக்கா, எனக்கும் அக்கா என்றுதான் வாயில் வரும். மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்தாலும் பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி அதிகாரம்.

"நீ தப்பா எடுத்துக்காத. இங்க ஒரு முதியோர் இல்லம் இருக்கு. சுத்தமா வச்சிருக்காங்க, நர்ஸ் இருக்காங்க. ஒரு ரூம் காலியாகுது. இருபதாம் தேதிக்குள்ள சரின்னு சொல்லணும்."

"யாரு அக்கா உங்ககிட்ட சொன்னது?"

"அப்பாதான். அவரே போன் பண்ணிக் கேட்டாரு. 'அதுங்க ரெண்டும் வேலைக்குப் போற பிள்ளைங்க, என்னால அதுங்களுக்கு அசிங்கம் வேண்டாம்'னு அழறாரும்மா."

அழுதாரா? மாமாவா? மாமி போனபோதுகூட எங்கள் முன்னால் அழாத மனிதர்.

அப்படியானால் நான் பூசி மெழுகியதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாளியை மூடி வைத்தது, பினாயில் வாடை, எல்லாம். இவரிடம் சொல்லலாம் என்று மாலையில் வாயைத் திறந்தேன். இவர் லிஃப்ட் ரிப்பேர் செய்துவிட்டு முழங்கை வரை கிரீஸோடு வந்து நின்றார். அப்பா என்றாலே இவர் கண் கலங்கிவிடும். மென்று முழுங்கிவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று துண்டு நீளத்துக்கு ஈரம். பெருகுகிறது. இது ஆபரேஷன் விவகாரம்தானா, வேறு ஏதாவது வியாதியா? சர்க்கரையா? கிட்னியா? போனில் தேடித் தேடிப் படித்து, மத்தியானத்துக்குள் அவருக்கு ஏழு வியாதி கண்டுபிடித்துவிட்டேன். எனக்கே இரண்டு வந்துவிட்டது.

வியாதியைவிட வழுக்கி விழுவதுதான் எனக்குப் பயம். டைல்ஸ் தரை. இடுப்பெலும்பு போனால் அதோடு படுக்கைதான்.

இன்னொன்று. விடியும்போதே மாமாவின் போர்வை கொடியில் தொங்கியது. ஓரம் சொட்டிக்கொண்டிருந்தது. அவரே அலசிப் போட்டிருக்கிறார். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "வெயில் நல்லா இருக்கேன்னு போட்டேன்" என்றார். வெயிலே வரவில்லை அப்போது.

மார்ச் 9, திங்கள்

மாமா சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதில்லை. கவனித்தேன். டம்ளரைத் தொட்டுவிட்டு வைத்துவிடுகிறார். இரவுக்கு நான் வைக்கிற செம்புத் தண்ணீர் காலையில் அப்படியே இருக்கிறது. கேட்கலாமா? எப்படிக் கேட்பது? "ஏன் மாமா தண்ணி குடிக்கல?" என்று கேட்டால் அடுத்த வார்த்தை என்ன என்று இருவருக்கும் தெரியும்.

மார்ச் 10, செவ்வாய்

எழுத்து கோணுகிறது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

பத்து மணிக்குக் கடைக்கு இவர் போன். மாமா சமையலறை வாசலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். நல்லகாலம், இவருக்கு மத்தியான ஷிஃப்ட், வீட்டில் இருந்தார். விழவில்லை, சரிந்து உட்கார்ந்தாராம். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்து, நாக்கு வறண்டு... தினமும் அதே முகத்துக்கு எதிரேதானே உட்கார்ந்து டீ குடித்தேன். ஊராருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறேன்.

டாக்டர் பெண். சின்ன வயசு, பெரிய கோபம். "இவருக்கு வீட்ல யாரும் தண்ணியே குடுக்கறதில்லையா? உடம்புல சொட்டு ஈரம் இல்ல. ஆறு மணி நேரத்துல கால் டம்ளர் யூரின்கூட போகல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆபரேஷன் நடந்த இடம் நன்றாக ஆறிவிட்டதாம், அதில் ஒரு கோளாறும் இல்லையாம். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்புவார்கள். இவர் கூட இருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதுதான் தலையில் அடித்த மாதிரி உறைத்தது. கால் டம்ளர்கூட இல்லை. அப்புறம் நான் இன்றைக்குக் காலையில் துடைத்தது என்ன?

மார்ச் 11, புதன்

மாமா ஆஸ்பத்திரியில். கட்டில் காலி. காலை ஐந்தரைக்கு அறைக்குள் போய்ப் பார்த்தேன்.

தரையில் ஈரம்.

முழங்காலிட்டு, முதல் தடவையாக, பினாயில் ஊற்றாமல் மோந்து பார்த்தேன். வாடையே இல்லை. சிமெண்டு வாடை. மழை பெய்த சுவர் மாதிரி. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

எட்டு மணிக்கு இவர் உடை மாற்ற வந்தார். சமையலறையில் வைத்துக் கேட்டேன். "அப்பா ரூம்ல ஈரம் இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

இவர் முகம் செத்துவிட்டது. "உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான்... நான் துடைச்சிருவேனே."

"நீங்களா? எப்ப?"

"காலை ஷிஃப்ட் அன்னிக்கு நாலரைக்கு எந்திரிக்கிறேன்ல. அப்ப. ரெண்டு துண்டு பிழியற அளவுக்கு இருக்கும்."

"நான் ஐஞ்சரைக்குத் துடைக்கிறேன். அப்பவும் ஒரு துணி நனையுது."

புதன்கிழமை காய்ந்த தரை எனக்குக் கிடைத்த பரிசு இல்லை, இவர் பிழிந்தது. அதிலும் இரண்டு துண்டு! லிஃப்ட்டில் எந்த ஒயர் போனது என்று சத்தத்தை வைத்தே சொல்கிற மனிதர், சொந்த அப்பா ஒரு விடியலில் அத்தனை தண்ணீர் விடமுடியுமா என்று யோசிக்கவில்லை. நானும்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு மரியாதை செய்துகொண்டிருந்தோம்.

எல்லாக் குழாயையும் மூடிவிட்டு வாசல் மீட்டரைப் பார்க்கப் போனோம். கண்ணாடிக்குள் குட்டியாக ஒரு சிவப்பு முக்கோணம் உண்டு, தண்ணீர் ஓடினால்தான் சுற்றும். சுற்றிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், அதுபாட்டுக்கு.

குளியலறைக்குப் போகிற பைப் மாமாவின் அறைத் தரைக்கடியில்தான் போகிறது. காங்கிரீட்டுக்குக் கீழே. அங்கேதான் எங்கேயோ.

மார்ச் 12, வியாழன்

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். சொன்னேன். "மாமா, அது நீங்க இல்ல. தரைக்கடியில பைப் ஒழுகுது. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்பவும் ஈரம் இருந்துச்சு."

பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தலையைத் தொட்டார். "நல்ல பிள்ளைங்கம்மா நீங்க ரெண்டு பேரும்."

நம்பவில்லை!

இவர் மீட்டர், முக்கோணம், நாலரை, ஐந்தரை என்று எல்லாவற்றையும் சொன்னார். மாமா சிரித்தார். "நீங்க துடைச்சதெல்லாம் மிச்சம்தான்ப்பா. மூணரைக்கு முழிப்பு வந்ததும் நான் முதல்ல துடைச்சிருவேன். பழைய பனியன் ஒண்ணு வச்சிருக்கேன் அதுக்குன்னே."

மூன்று பேர்! ஒரே அறை, ஒரே தரை, மூன்று பேர் தனித்தனியாகத் துடைத்திருக்கிறோம்.

"போர்வை ஈரமா இருக்குமே. அதுக்கு என்ன சொல்ற?" என்றார். போர்வை நழுவித் தரையில் கிடந்து உறிஞ்சியிருக்கும் என்றேன். அதற்கும் தலையாட்டினார். எங்கள் வீட்டில் எதையும் மறுப்பதில்லை, தலையாட்டிவிட்டு நம்பாமல் இருப்போம். இத்தனை நாள் பூசி மெழுகிய வாய் இன்று நிஜத்தைச் சொன்னால் அதுவும் பூச்சாகத்தான் தெரிகிறது அவருக்கு.

இல்லத்துக்குப் போவதில் மாற்றமில்லையாம். அலமாரியிலிருந்து சட்டைகளை எடுத்துப் பிரித்து வைத்திருக்கிறார். வேண்டியது, வேண்டாதது என்று இரண்டு அடுக்கு.

மார்ச் 14, சனி

இரண்டு நாளாக இரவில் மெயின் வால்வை மூடுகிறோம். காலையில் காய்ந்திருக்கும், கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று நினைத்தேன். இன்றும் ஈரம். வால்வை மூடியும் ஈரம்! இது எப்படி? மீட்டர் சுற்றினால் எங்கேயோ கசிகிறது என்றுதான் அர்த்தம். இந்த அறையில்தான் என்று அது சொல்லவில்லையே. நேற்றிரவு மாமா இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார், டாக்டர் சொன்னபடி. அப்படியானால்...

இல்லை. மோந்து பார்த்தேன். வாடை இல்லை.

இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

ஒழுகும் இடம் கண்டுபிடிப்பவர் வந்தார். காதில் பெரிய ஹெட்போன், கையில் தரையில் வைக்கிற மணி மாதிரி ஒரு கருவி. காதுக்காரர் என்று இவர் பெயர் வைத்துவிட்டார். ஃபேனை நிறுத்தச் சொன்னார், ஃப்ரிட்ஜை நிறுத்தச் சொன்னார், வாசல் கதவைச் சாத்தச் சொன்னார். கடைசியில் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க. உங்க பெருமூச்சுதான் எனக்குப் பெருசாக் கேக்குது" என்றார்.

முட்டி போட்டு, சாண் சாணாக நகர்ந்து, முக்கால் மணி நேரம். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, ஜன்னல் பக்கமாக, சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார்.

"விடியக்காலையில மட்டும் ஏன் வருது?" என்று கேட்டேன். நான் அஞ்சிக்கொண்டிருந்த கேள்வி அது.

"ராத்திரி தெருவுல யாரும் தண்ணி புடிக்கறதில்ல. பைப்புல அழுத்தம் ஏறும். பகல்ல எல்லாரும் தொறந்து விட்டதும் இறங்கிடும். வால்வை மூடினாலும் உடனே காயாது. மண்ணு குடிச்சு வச்சிருக்கறதைக் கக்கி முடிக்க நாலஞ்சு நாள் ஆகும்."

அவரைக் கும்பிடாத குறை. மாமா வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 17, செவ்வாய்

காய்ந்த மண்.

காலை எட்டுக்கு மெஷினை வைத்தார்கள். வீடே அதிர்ந்தது, அலமாரிக் கண்ணாடி கிடுகிடுத்தது. டைல்ஸை உடைத்து, காங்கிரீட்டை உடைத்து, ஒன்றரை அடி ஆழம் தோண்டினார்கள். பைப் தெரிந்தது. நல்ல பைப். துடைத்து வைத்த மாதிரி. மண் விரலில் ஒட்டவே இல்லை.

காதுக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. "சத்தம் இங்கதான் கேட்டுச்சு, சத்தியமா" என்றார். மூன்று பேரும் குழியைச் சுற்றி நின்றோம். மாமா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "விடுங்கப்பா. எனக்காக வீட்டை உடைச்சுக்காதீங்க. நான்தான்னு சொன்னேனே."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? குழிக்குள் தலையை விட்டுக் கத்தலாம், அங்கேதான் ஈரமில்லை.

ஒருவேளை நிஜமாகவே... ஐயோ, இதை எழுதக்கூடாது. எழுதிவிட்டேன். ஒருவேளை அவர்தானோ? ஆஸ்பத்திரியில் இருந்த அன்று பார்த்த ஈரம் முந்தின நாளுடையதோ? நான் அன்றைக்குச் சரியாகத் துடைக்கவில்லையோ? அவர் மேல் பழி போடக் கூடாது என்று நானே ஒரு கதை கட்டி, அதற்கு ஒரு காதுக்காரரையும் கூப்பிட்டு, தரையையும் உடைத்து...

பீரோ கதவு பூட்டியிருக்கிறதா என்று நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் தெரியவில்லை.

மார்ச் 18, புதன்

நாத்தனார் வந்துவிட்டாள். அறையைப் பார்த்து மூக்கில் விரலை வைத்தாள். "இதுக்கு நடுவுல அப்பாவை எங்க படுக்க வச்சிருக்கீங்க?" ஹாலில்தான். கேள்வி நியாயமானது, அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

"அக்கா, ரெண்டு நாள் பொறுங்க."

"நீ சொல்றது நிஜமாவே இருக்கட்டும். ஆனா அவரே போறேங்கறாரே. நாளன்னிக்கு அவங்களுக்குப் பதில் சொல்லணும். இந்த ரூம் போனா அடுத்தது எப்ப கிடைக்குமோ."

பெட்டி ஹாலில் சோபா பக்கத்தில் நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் இடிக்கிறது.

மார்ச் 19, வியாழன்

முழுதாக எழுத வேண்டும் இன்று. ஒன்றையும் விடக்கூடாது.

காதுக்காரர் காலையிலேயே வந்தார். இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்றார், முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. வீடு கட்டினவர்கள் பைப்பைச் சுவரோரமாக நேராகக் கொண்டுபோகாமல் குறுக்கே இழுத்திருக்கிறார்கள். குழிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார், வழியில் ஒரு கல். பைப் அந்தக் கல்மேல் உட்கார்ந்திருக்கிறது. அவர் கேட்டது கல் வழியாக வந்த அதிர்வு, ஓட்டை வேறு இடம். "தண்ணி சத்தத்தை நம்பினது என் தப்பு. இன்னிக்குக் காத்தை அனுப்புறேன்" என்றார்.

தண்ணீரை வடித்துவிட்டு, பம்ப் வைத்துப் பைப்புக்குள் காற்றை ஏற்றினார். ஹெட்போன் தேவைப்படவில்லை. குழி ஓரத்தில் நின்ற எனக்கே கேட்டது. கட்டில் கால் இருந்த இடத்துக்கு நேர் கீழே, கொதிக்கிற பாலை ஊதுகிற மாதிரி, புஸ்ஸ் என்று.

உடைத்தார்கள். காங்கிரீட் பெயர்ந்ததும் கீழே மண்ணே இல்லை. கை நுழைகிற அளவுக்குப் பொந்து. தண்ணீர் அரித்து அரித்து மண்ணைக் கொண்டு போய்விட்டது. மாமா இத்தனை நாளும் அந்தப் பொந்துக்கு மேலேதான் படுத்திருந்தார். காதுக்காரர் இவரிடம் வால்வைத் திறக்கச் சொன்னார். "கொஞ்சமா... போதும்."

பைப்பின் வயிற்றில் ஊசி நுழைகிற ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் எகிறி அவர் சட்டையில் அடித்தது. பொந்து நிறைந்து, சேறு கலங்கி, சுவரோர இடுக்கு வழியாக மேலே வந்தது. தட்டு அகலத்துக்கு. அதே இடத்தில்.

மாமா பார்த்துக்கொண்டிருந்தார். கஷ்டப்பட்டுக் குனிந்து, தரையில் கை வைத்து, நனைந்த விரலை முகத்தருகே கொண்டுபோனார். பிறகு கோபம் வந்தது அவருக்கு. கல்யாணமாகி வந்த எட்டு வருஷத்தில் நான் பார்க்காத கோபம்.

"ஏண்டா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா என்கிட்ட! 'அப்பா, இது என்ன'ன்னு ஒரு வார்த்தை! மூணு வாரமா நான் ராத்திரி தண்ணி குடிக்காம, தூங்காம, பொண்ணுகிட்ட போன் பண்ணி அழுது..."

இவர் பிள்ளை மாதிரி நின்றார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். நான்தான் பேசினேன். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை.

"நீங்க மட்டும் சொன்னீங்களா மாமா? பனியனை ஒளிச்சு வச்சு நீங்களும்தானே துடைச்சீங்க! எங்ககிட்ட சொல்லாம அக்காகிட்ட சொன்னீங்க! எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

மாமனாரிடம் குரலை உயர்த்திவிட்டேன். வீட்டில் சத்தமே இல்லை, பைப்பைத் தவிர. காதுக்காரர் மெதுவாக, "வால்வை மூடிரலாமா?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். மாமாதான். சிரித்து, அது அழுகையாகி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நானும் அழுதேன். காதுக்காரர் இதையெல்லாம் பார்க்காத மாதிரி சட்டையைப் பிழிந்தார்.

பிறகு மாமா நிறையத் தண்ணீர் குடித்தார். செம்போடு.

மார்ச் 20, வெள்ளி

பழுதான துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புது பைப்பை இரண்டு பக்கமும் இணைத்தார்கள். கல்லை எடுத்து வெளியே போட்டார் காதுக்காரர், பழி தீர்த்த மாதிரி. அழுத்தம் ஏற்றி இரண்டு மணி நேரம் வைத்தார். அழுத்தம் காட்டும் முள் அசையவில்லை. இரண்டு மணி நேரமும் நான் அந்த முள்ளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். மீட்டரையும் பார்த்துவிட்டு வந்தேன். நின்றிருக்கிறது.

பொந்தில் மண்ணைக் கொட்டி இடித்து, ஜல்லி போட்டு, காங்கிரீட் ஊற்றியாகிவிட்டது. ஒரு வாரம் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். "இவ்வளவு நாள் காயல, காயலன்னு அழுதீங்க. இப்ப நீங்களே தண்ணி ஊத்தணும்" என்றார் காதுக்காரர்.

மாமா நாத்தனாரைக் கூப்பிட்டு, "அந்த ரூமை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடும்மா" என்றார். காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பெட்டியிலிருந்த சட்டைகளை நான் அலமாரியில் அடுக்கினேன்.

மார்ச் 21, சனி

சிமெண்டுத் தரைக்கு மாமாதான் தண்ணீர் தெளிக்கிறார். மூன்று வேளையும். எங்களைக் கிட்ட விடுவதில்லை.

மார்ச் 29, ஞாயிறு

கட்டில் உள்ளே போனது. டைல்ஸ் அதே நிறம் கிடைக்கவில்லை, பரவாயில்லை. ஐந்தரைக்கு முழிப்பு வந்துவிட்டது. பழக்கதோஷம். கதவு வரை போய்விட்டுத் திரும்பினேன். உள்ளே போய்ப் பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டிருக்கிறேன். எவ்வளவு நாள் தாங்குமோ.

ஏப்ரல் 16, வியாழன்

காலை ஆறு மணி. டீக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். மாமா குரல் கேட்டது.

"அம்மாடி, இங்க கொஞ்சம் வாம்மா."

விழுந்துவிட்டாரோ என்று ஓடினேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என் கண் நேராகத் தரைக்குத்தான் போனது. காய்ந்து கிடந்தது.

"தரையைப் பார்க்காத, அது நல்லாத்தான் இருக்கு." விரிப்பைக் காட்டினார். "இந்தத் தடவ பைப் இல்ல. நான்தான்."

என்னைப் பார்த்துச் சொன்னார். முகத்தைத் திருப்பாமல். மாமனார் படுக்கையை நனைத்ததற்கு ஒரு மருமகள் சந்தோஷப்படுவாளா என்று யாராவது கேட்கலாம். சந்தோஷமாகத்தான் இருந்தது.

"மெத்தை நனைஞ்சுதா மாமா?"

"ஷீட்டு இருக்கே. தப்பிச்சுது."

"எந்திரிங்க அப்ப."

விரிப்பின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான். சத்தம் கேட்டு இவர் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே வந்து, என்ன என்று புருவத்தைத் தூக்கினார்.

"நனைச்சுட்டேன்டா," என்றார் மாமா. "அந்தப் பக்கம் பிடி."

இவர் பிடித்தார். மூன்று பேருமாக விரிப்பை உருவி எடுத்தோம். அடுப்பில் டீத் தண்ணீர் வற்றிப் போயிருந்தது, மறுபடி வைத்தேன்.